சலேஹா சொன்ன முடிவு

மர்ஜானா அக்கா வகுப்பில் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துவிடுவார். யாராவது கேட்டால், "ஆள் இருக்கு" என்பார். அந்த ஆள் வந்து நான் பார்த்ததே இல்லை. முதல் மூன்று சனிக்கிழமையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கும் டியூஷன் அது; இருப்பதே பதினான்கு நாற்காலி. நின்றபடியே நான் நோட்ஸ் எழுதிய நாளும் உண்டு.

அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு முப்பத்தெட்டு. அவர் ஜெலுத்தோங்கில் ஒரு பல் கிளினிக் கவுண்டரில் இருக்கிறார், நான் தொழிற்சாலையில். மற்றவர்களெல்லாம் ஆறாம் படிவத்துப் பிள்ளைகள், பதினெட்டு பத்தொன்பது வயது. ஆங்கில இலக்கியப் பரீட்சையைத் தனியாக எழுத வந்த கிழடுகள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் ஒட்டிக்கொண்டோம்.

ரோஹானா டீச்சருக்கு ஒரே மந்திரம்: தாளுக்கு நடுவில் கோடு போடு. இடப்பக்கம் நாடகம், வலப்பக்கம் நாவல். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முட்டிக்கொள்கிறது, எப்படி முடிகிறது என்று எழுதிக்கொண்டே போகவேண்டும். பரீட்சையில் இரண்டையும் ஒப்பிடத்தான் சொல்வார்கள்.

"நீ நாவலப் படி, நான் நாடகத்தப் படிக்கிறேன். அப்புறம் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கலாம்லா," என்றார் அக்கா. "நாவலோட முடிவு எனக்குத் தெரியும். நீ மேற்கோள் மட்டும் பொறுக்கிக் கொடு, போதும்."

பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய பிரதியை நீட்டினார். முதல் பக்கத்தில் 'சலேஹா' என்று பெயர் இருந்தது. யாரென்று கேட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஏற்பாடு அவருக்கும் பள்ளித் தோழி சலேஹாவுக்கும் இருந்ததாம். நாவல் சலேஹாவின் பங்கு. தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாளாம்.

"நான்தான் அவள விரட்டினேன். இன்னிக்குள்ள முடிவச் சொல்லியாகணும்னேன். அவ அண்ணனோட மோட்டார்சைக்கிள எடுத்துக்கிட்டு வந்தா. சொன்னா. பால் போடாத தே ஓ ஒரு கிளாஸ் குடிச்சா. திரும்பிப் போற வழியில லோரி மோதிடுச்சு." நோயாளியின் நம்பரைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னார். "நானே படிச்சிருந்தா அன்னிக்கு அவ வெளியவே வந்திருக்க மாட்டா."

அந்த வருஷம் அக்கா பரீட்சை எழுதவில்லை. சலேஹா மேசையில் விட்டுப்போன புத்தகத்தைத் திறக்கவும் இல்லை. அதே நாவல் மறுபடி பாடப்பட்டியலில் வந்ததும் அந்த வாரமே போய்ப் பெயர் கொடுத்துவிட்டார்.

நாவலின் கதை இதுதான்: ஒரு தீவில் இரண்டு தோழிகள். ஒருத்தி படகேறிப் போய்விடுகிறாள்; மற்றவள் படகுத்துறையில் காத்திருக்கிறாள். சலேஹா சொன்னபடி, போனவள் ஈரத் தலையோடு திரும்பி வந்து வாசலில் நின்று, "தே ஓ இருக்கா?" என்று கேட்கிறாள்.

தொழிற்சாலைக் கேன்டீனில் மத்தியான இடைவேளைகளில் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் சலேஹாவின் பென்சில் எழுத்து. ஒரு மாப்பிள்ளை பெயருக்கு நேரே 'சரியான கழுதை' என்று எழுதியிருந்தாள். சிரித்துவிட்டேன். பக்கத்தில் யாரோ சேர்ந்து சிரித்த மாதிரி இருக்க, என்னை அறியாமல் நகர்ந்து இடம் விட்டேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது.

நூற்று எழுபத்தோராம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் கிடந்தது. அதற்குப் பிறகு பென்சில் எழுத்தே இல்லை. கடைசி நாற்பது பக்கமும் கைபடாத புதுத்தாள். நட்ட நடுப்பகலில், அத்தனை சத்தத்துக்கு நடுவில், பக்கத்தில் விட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மிச்சத்தைப் படித்து முடித்தேன். போனவள் திரும்பி வரவே இல்லை. யாரும் தே ஓ கேட்கவில்லை. காத்திருந்தவள் ஒருநாள் துறைக்குப் போவதை நிறுத்திவிடுகிறாள், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சலேஹா கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போனதை அக்காவிடமிருந்து பிடுங்குவது போலாகும். சொல்லாவிட்டால் நாவலில் இல்லாத முடிவைப் பரீட்சையில் எழுதித் தோற்றுப்போவார். அந்தச் சனிக்கிழமை வகுப்பில், அக்கா பை வைத்திருந்த பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து, "எழுதிட்டியா?" என்று மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இனியும் தள்ளிப்போட முடியாது.

பிள்ளைகள் போனதும் டிக்கெட் இருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். நாற்பது பக்கத்தையும் அங்கேயே உட்கார்ந்து படித்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பயந்துகிட்டு கத கட்டியிருக்கா," என்றார்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "படிச்சு முடிக்காதவ எதுக்குக்கா வரணும்? நாளைக்குச் சொல்றேன்னு வீட்லயே இருந்திருக்கலாம்ல? அவ முடிவு சொல்ல வரல. உங்களப் பாக்க வந்திருக்கா."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அக்கா மேசையில் தலை வைத்து அழுதார்.

பரீட்சையில் இரண்டு நூல்களின் முடிவையும் ஒப்பிடச் சொல்லித்தான் கேள்வி வந்தது. முடிந்ததும் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நல்ல கூட்டம். அக்கா வழக்கம்போலப் பக்கத்து நாற்காலியில் பையை வைத்தார்.

"அவ திரும்பி வரலன்னு என் கையாலயே எழுதிட்டேன் சாந்தினி," என்றார்.

தட்டோடு இடம் தேடிவந்த ஒருவர் எங்கள் மேசையருகே நின்றார். "அக்கா, இங்க ஆள் இருக்கா?"

மர்ஜானா அக்கா அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல," என்றார். "உக்காருங்க."