தனுஜா நுழைந்த வாசல்

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை இரண்டாம் தடவையில் வென்றாள். முதல் தடவை கணிதம் வென்றது. டயகம பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்த காலமெல்லாம் உட்கார இடம் கிடைக்காமலேயே சிங்களம் பேசக் கற்றுக்கொண்டாள். உயர்தரம் முடிந்த கையோடு பெண் பார்க்க வந்தவன் 'புள்ள குள்ளம்' என்று சொல்வதற்குள், 'மாப்பிள்ளைக்குத் தலை பெருசு' என்று முந்திக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கா ஜீவராணியின் புத்திமதிகள் அனைத்தையும் கேட்ட பிறகும் ஒரு வேலை வாங்கினாள். அப்படிப்பட்டவள் தனுஜா.

ஜீவராணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். தங்கச்சியின் பெயரும் தோட்டத்தில் பதிந்துவிடக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். பதிந்துவிட்டால் சௌகரியத்துக்குக் குறைவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவார், அவரே கோடும் போட்டுக்கொள்வார். கையெழுத்துப் போடும் தொல்லையே கிடையாது. தோட்டத்தில் பெயர் பதிந்திருந்த அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டதால் அந்த இடத்துக்கு வீட்டிலிருந்து ஆள் கேட்டு, மாசக் கடைசிவரை தவணையும் கொடுத்திருந்தார் அவர்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி, வாசலில் விருந்தாளிகளை வரவேற்க ஆள் கேட்டார்கள்.

நேர்முகத்துக்குப் போவது எப்படி என்று அடுத்த வீட்டுத் திலக்ஷன் போனில் வீடியோ காட்டினான். "நிமிந்து உள்ள போகணும்க்கா. மொத பார்வையிலயே முடிவு பண்ணிருவாங்களாம்."

ஜீவராணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. தங்கச்சியை வெளியே அனுப்பி, நிமிர்ந்து நுழையச் சொல்லிப் பழக்கினாள். லயத்து வீட்டு வாசல் நிலை, குள்ளமானவர்களே ஆனாலும், நிமிர்ந்து வருகிறவர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல. பழக்கத்தின் பலன் தனுஜாவின் நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு எழுந்து நின்றது.

வேலாயி பெரியம்மா வந்து பார்த்தாள். "என்னடி, இன்டர்வியூவுக்குப் போறியா, கெடா முட்டுக்குப் போறியா? சரி, எங்க போனாலும் வலது கால வச்சு உள்ள போ."

வீக்கத்தின் மேல் பெரிய பொட்டு ஒன்றை வைத்து, சட்டையின் மடிப்பைக் கத்திபோல் தேய்த்து, அக்காவே கூட்டிப்போனாள். பங்களா கேட்டைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். பூச்செடி வரிசைக்கு நடுவே போவது முன்வாசலுக்கு. இடப்பக்கத்துக் கற்படி பின்பக்கத்துக் குசினிக்கு. இருவரின் கால்களும் தாமாகவே இடப்பக்கம் திரும்பின. அம்மா இங்கே பாத்திரம் கழுவிய காலத்தில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஏறிய படி அது. முன்வாசலில் துரை போவார், துரைசானி போவார், துரையின் நாய் போகும். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தனுஜா நிமிர்ந்து, வலது காலை வைத்து, புன்னகையோடு நுழைந்தாள். எதிரே சமையல்காரர் செல்லசாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதல் பார்வையிலேயே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"யாரு புள்ள? கோழி கொண்டாந்தியா?"

"இன்டர்வியூவுக்கு வந்தேங்கண்ணே."

"அட கடவுளே! அவங்க முன்வாசலப் பாத்துல்ல ஒக்காந்திருக்காங்க! ஏதோ பொம்பளப் புள்ள பேரக் கூப்புட்டாச்சு, ஒன் பேராத்தான் இருக்கும். சுத்திப் போக நேரமில்ல, இப்பிடியே ஓடு!"

கூடத்தில் மூன்று பேர் முன்வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் யாழ்ப்பாணத்து இராசரத்தினம். வாசலிலிருந்து நாற்காலிவரை ஆள் நடந்து வரும் அழகுக்குப் புள்ளி போடுவதற்கென்றே அவரை அழைத்திருந்தார்கள். படித்த பெரிய படிப்புக்கு எவ்வளவு பொருத்தமான வேலை! சற்று முன்னர், கண்டியில் ஹோட்டல் படிப்பு முடித்த கிஷாந்த் அந்தக் கம்பளத்தில் கல்யாண மாப்பிள்ளைபோல் நடந்துவந்து முழுப் புள்ளியும் வாங்கியிருந்தான்.

தனுஜா மூன்று மொழியிலும் வணக்கம் சொன்னாள், மூன்று பிடரிகளுக்கு.

மூன்று பேரும் துள்ளியதில், பக்கத்தில் இருந்த ஹோட்டல் முகாமையாளர் அம்மாவின் தேநீர் கவிழ்ந்தது.

"ஏன் பிள்ளை பின்பக்கத்தால வந்தனீர்?" என்றார் இராசரத்தினம். "நீர் நடந்து வந்ததை நான் காணேல்லையே, எப்பிடிப் புள்ளி போடுறது?"

குசினிக் கதவிடுக்கில் செல்லசாமியின் காதுக்கு மேலே ஜீவராணியின் காது இருந்தது. அவளுக்குப் பெரட்டுக் களமும் கணக்கப்பிள்ளையின் பென்சிலும் கண்ணில் தெரிந்தன.

"எங்க அம்மா ரொம்ப வருசம் இங்க வேல செஞ்சாங்க சார்," என்றாள் தனுஜா. "முன்வாசல் உள்ளுக்கிருந்து எப்பிடித் தெரியும்னு அவங்களுக்கே தெரியாது. வேல குடுத்தீங்கன்னா பாத்துட்டுப் போயி சொல்லிருவேன். புள்ளி போடணும்னா இருங்க சார், வெளிய போயி திரும்ப நடந்து வாறேன்."

முகாமையாளர் சிங்களப் பெண்மணி. என்ன பேச்சு என்று அவர் கேட்க, தனுஜாவே சிங்களத்தில் சொன்னாள். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இராசரத்தினம் சிரிக்கவில்லை. நடைக்குச் சுழியம் போட்டார், நேர்மையான மனிதர்.

வேலை கிஷாந்துக்குப் போயிற்று. அவன் இரண்டு இரவு நுவரெலியாக் குளிரைப் பார்த்தான். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு அதே கம்பளத்தில் நடந்து போனான். நுழைவதில் முழுப் புள்ளி வாங்கியவன் வெளியேறுவதிலும் குறை வைக்கவில்லை.

தவணை முடிய ஒரு நாள் இருக்கையில் போன் வந்தது. "அந்தப் பின்பக்கமா வந்த பிள்ளை இருக்கிறாளா?" என்று சிங்களத்தில் கேட்டார் முகாமையாளர். பெயர் மறந்துபோயிருந்தது, வந்த விதம் மறக்கவில்லை. வீடியோக்காரன் சொன்ன முதல் பார்வை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் நாள் ஜீவராணி மறுபடியும் கூட வந்தாள். இந்த முறை தங்கச்சியின் முழங்கையைப் பிடித்து, கால்கள் இடப்பக்கம் போகாதபடி பூச்செடிகளுக்கு நடுவே நடத்திப்போனாள். முன்வாசலில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"வேல செய்யிற ஆளுங்க எல்லாம் பின்பக்கமாத்தான் போகணும் புள்ள. ஹோட்டல் சட்டம்."

ஆக, நேர்முகத்துக்கு வந்தவர்களிலேயே சரியான வாசலில் நுழைந்தவள் தனுஜா ஒருத்திதான்.

கற்படியில் ஏறினார்கள். "வா புள்ள," என்றார் செல்லசாமி வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல். "ஒனக்குத்தான் வழி தெரியுமே."

குசினிச் சுவரோரம் வேலையாட்கள் கையெழுத்துப் போடும் வரவுப் புத்தகம் விரித்துக் கிடந்தது. யாரும் பெயர் கூப்பிடவில்லை, யாரும் கோடு போடவில்லை. தனுஜா பேனாவை எடுத்து, கிறுக்காமல், முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்தாள். படியில் நின்ற ஜீவராணி எட்டிப் பார்த்து, பக்கத்தில் திகதியும் போடச் சொன்னாள்.

2023 செப்டெம்பர் 4, திங்கட்கிழமை.