நேர்ந்துவிட்ட சேவல்

காட்டூரில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரே வாரத்தில் ஒரு கோழியும் இரண்டு குஞ்சுகளும் போயின. கோழியைத் தெருநாய் கவ்விக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன். குஞ்சுகளைப் பருந்து தூக்கியதை, மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொன்னார்.

என் கவலை சேவலைப் பற்றியது. எங்கள் மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்த பிறகு, மூன்றாவது நல்லபடியாகப் பிறந்தால் சேவல் கொடுப்பதாக என் மனைவி குலசாமிக்கு வேண்டிக்கொண்டாள். பேரன் பிறந்தான். சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டியாயிற்று. ஆடியில் பச்சைமலை அடிவாரத்துக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை அது உயிரோடு இருக்க வேண்டும்.

சாமிக்கு விட்டதை அடைக்கக் கூடாது என்பது மனைவி வீட்டு வழக்கம். மற்ற கோழிகள் சாயங்காலம் கூண்டுக்குள் போகும். சேவல் மட்டும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். மனைவி அப்போது ஸ்ரீரங்கத்தில் மகளின் புகுந்த வீட்டில் இருந்தாள், குழந்தைக்குச் சளி. தினமும் காலையில் போன் செய்து, குழந்தை எப்படித் தூங்கியது என்று சொல்லிவிட்டுச் சேவலை விசாரிப்பாள். இருக்கிறது என்பேன். சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு முறை பார்த்துவிட்டு வருவேன். செய்தித்தாளை ஒரு பக்கம் முழுதாகப் படிக்க முடியவில்லை. காகம் கத்தினால் எழுந்தேன், கத்தாவிட்டாலும் எழுந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேக்காரர். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"சாமிக்கு விட்டதுன்னு நாய்க்கு யாரு சார் சொல்றது? பேசாம கூண்டுல போட்டுடுங்க."

வியாழக்கிழமை காலை காய்கறி வாங்கப் போகுமுன் சேவலைப் பிடித்துக் கூண்டில் விட்டேன். மேலே வலை சரியாக இருந்தது. கதவின் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன்.

கூண்டின் பின்பக்கம் செங்கல்லுக்கு அடியில் புதிதாக மண் பறித்திருந்தது. என் கை நுழையும் அளவு துளை. சேவல் மூலையில் கிடந்தது. கழுத்தில் கடி, வேறு காயம் அதிகமில்லை. கீரி வேலை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த முறை சிரிக்கவில்லை. வானத்துக்கும் தெருவுக்கும் காவல் போட்ட நான் தரையைப் பார்க்கவில்லை. வெளியே இருந்திருந்தால் முருங்கையில் ஏறியிருக்கும்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனேன். வழியில், சந்தையில் அதே நிறத்தில் ஒன்றை வாங்கிவிடலாமா என்று ஒரு நிறுத்தம் வரை யோசித்தேன். மறு நிறுத்தத்தில் விட்டுவிட்டேன். அதன் வால் இறகில் எது வளைந்திருக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"அடைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"அடைச்சேன்."

தட்டுவது கொஞ்ச நேரம் நின்றது. குழந்தை சிணுங்கியதும் மறுபடி தொடங்கினாள். வேறு சேவல் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். வீட்டில் வளர்ந்ததைத்தான் வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். மிச்சமுள்ள குஞ்சுகளில் ஒன்றாவது சேவலாக இருக்கும். இந்த ஆடிக்குள் வளராது.

"அடுத்த ஆடி வரைக்கும் சாமிகிட்ட தவணை கேக்கணும். நீங்களே போய்க் கேளுங்க. அடைச்சது நீங்கதானே."

மலையடிவாரத்துக்குக் காலையில் ஒரு பஸ்தான், ஞாயிற்றுக்கிழமை அதுவும் சந்தேகம் என்றாள். வெள்ளிக்கிழமை, அதாவது மறுநாளே, போகிறேன் என்றேன். தேங்காய், பழம், மாலை என்ன வாங்கிப்போக வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். வெறுங்கையோட போய் நில்லுங்க. அப்பதான் கேக்க வாய் வரும்."