தாடைக்குள் ஒரு திருகாணி

கள்ளக்குறிச்சி பல் மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "பல்லு கட்டிக்கினீங்களா?" கட்டவில்லை, நட்டிருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை ஒரு வருடமாக ஊர் முழுக்க விளக்கி அலுத்துவிட்டேன். பல் பதிக்கப் போகிற நீங்களும் தயாராக இருங்கள்.

இடப்பக்கக் கீழ்ப்பல் ஒன்று போய்விட்டது. கழற்றி மாட்டும் பல் செட்டு சோற்றோடு நழுவியது. பக்கத்துப் பற்களை ராவிப் பாலம் கட்ட மனமில்லை. எனவே இம்ப்ளான்ட் (தாடை எலும்புக்குள் டைட்டானியத் திருகாணியை இறக்கி, அதன்மேல் பல் பொருத்துவது). கார்த்திகையில் இறக்கினார்கள்.

"எலும்பு மெலிசா இருக்குங்க," என்றார் மருத்துவர். "ஒட்டுற வரைக்கும் அந்தப் பக்கம் எதையும் கடிக்காதீங்க. இது புடிக்கலன்னா இன்னும் ஒரு வாட்டிதான் முயற்சி பண்ண முடியும். அப்புறம் செட்டுதான்."

முறுக்கு, எலும்பு, கரும்பு எல்லாவற்றையும் விட்டேன். கஞ்சி குடித்தே மார்கழி போயிற்று.

தையில் கரும்பு வெட்டு. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஆலைக்காரர் கருவி வைத்து இனிப்பைப் பார்த்தாலும், அடி, நடு, நுனி மூன்றையும் கடித்துப் பார்த்தால்தான் எங்களுக்குத் திருப்தி. பக்கத்து நிலத்து ஏழுமலை ஒரு கழியை ஒடித்து நீட்டினார்.

"பாத்து சொல்லுண்ணே."

கழி இடப்பக்கமே போயிற்று. அடிக்கணுவில் சுருக்கென்றது. "நல்லா முத்திக்கிச்சு," என்று தீர்ப்பும் சொன்னேன். கரும்பு தின்னக் கூடாது என்பது நன்றாக நினைவிருந்தது. ஆனால் கரும்பு பார்ப்பதைத் தின்பதாக எங்களில் யாரும் நினைப்பதில்லை.

என் மனைவி வசந்தா நினைத்தாள். "வலப்பக்கம் இன்னா, வாடகைக்கு வுட்டுட்டீங்களா?"

மருத்துவர் திருகாணியைத் தொட்டார். "ஆடுதுங்க." கழற்றிவிட்டார். எலும்பு ஊறும்வரை மறுபடி கஞ்சி, மறுபடி வராந்தா, மறுபடி "பல்லு கட்டிக்கினீங்களா?". ஆடியில் இரண்டாவது திருகாணி. இதுதான் கடைசி. தும்மினாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன். ஏழுமலை எதிரே வந்தால் வேறு வரப்பில் போனேன்.

ஐப்பசியில் மருத்துவர் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. மேலே பல் பொருத்தினார்.

அதற்கு நரம்பு கிடையாது. காபிச் சூடு மற்ற பற்களுக்குத் தெரிகிறது, இதற்குத் தெரிவதில்லை. என் வாயில் இருந்தும் என்னுடையதாக இல்லை.

"எவ்ளோ வருசம் வரும்ங்க?" என்று கேட்டேன்.

"ஒழுங்கா தேச்சா உங்களுக்கு மேலயே வரும்."

வசந்தா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றப் பற்கள் என்னோடு சேர்ந்து கிழடாகின்றன. இது ஆகாது. என்னை எரித்த பிறகும் சாம்பலில் கிடக்கப்போகிற ஒன்றுக்கு, தினமும் காலையில் எழுந்து நான் பல் துலக்கிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.