துரையின் முகத்தில் விழித்த கடை

அடையாறில் நான் சமைக்கிற வீட்டில் இப்போது கொள்ளு வேகவைக்கச் சொல்கிறார்கள். அந்த அம்மாவுக்கு உடம்பு இளைக்கணுமாம். நேற்று குக்கரைத் திறந்ததும் மண்ணும் கோணிச்சாக்கும் கலந்த மாதிரி அந்த வாசனை வந்தது. வடித்த தண்ணியைக் கொட்டாமல் வாளியில் பிடித்து வைத்துவிட்டேன். யாருக்கு என்று யோசித்தது அப்புறம்தான்.

"எதுக்கும்மா பிடிச்சு வெச்சிருக்கே? ரசத்துக்கா?"

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்வது.

அந்தத் தண்ணி துரைக்கு. துரை எங்கள் கோவேறு கழுதை. சூடாகக் கொடுத்தால் வாய் வைக்காது. ஆற வைத்துத்தான் கொடுக்கணும்.

என் வீட்டுக்காரர் திருவான்மியூர் கடற்கரையில் குதிரைச் சவாரி விட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெண்குதிரை. நாங்கள் இருந்தது ஆற்றோரக் குடிசை. பக்கத்தில் துணி வெளுக்கிறவர்கள் கழுதை கட்டியிருப்பார்கள். குதிரை சினையானதும், பீச்சில் நிற்கும் வெள்ளைக் குதிரைதான் தகப்பன் என்று இவர் ஊரெல்லாம் சொல்லி வைத்தார். குட்டி விழுந்தது. காதைப் பார்த்தார். டீ குடிக்கப் போய்விட்டார்.

சந்தே கூடிவிட்டது. "இன்னா நைனா, குதிரைக்குக் காது இம்மாம் நீளம் கீது?"

"துரை வந்துக்கினு கீறாரு, வழி வுடுங்கப்பா!"

பெயர் அப்படி வந்ததுதான்.

தாய்க்குதிரை வயிற்றுவலி வந்து செத்துப்போனது. துரை மட்டும் மிச்சம். பீச்சுக்குக் கூட்டிப்போனால் பிள்ளைகள் ஏறாது. "கழுதை வேணாம், குதிரை" என்று அழும். அப்புறம் மணல் மூட்டை, செங்கல் என்று சுமந்தது. பிறகு குட்டியானை என்று ஒரு சின்ன லோடு வண்டி வந்தது. கழுதை வேலையை யானை எடுத்துக்கொண்டது.

"இதபாரு மே, வேலை இருந்தா வச்சிக்கலாம். இல்லாங்காட்டி சூளைக்காரன் கேக்குறான், குட்த்துட வேண்டிதுதான்" என்றார் வீட்டுக்காரர். செங்கல் சூளைக்குப் போன மிருகம் எத்தனை நாள் தாங்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கழுதைக்குத்தான் எத்தனை பழமொழி. கற்பூர வாசனை தெரியாது, தேய்ந்தால் கட்டெறும்பு, கெட்டால் குட்டிச்சுவர். கோவேறு கழுதைக்கு ஒன்றுகூட நான் கேட்டதில்லை. திட்டுவதற்குக்கூட யாரும் மெனக்கெடவில்லை. பக்கத்துவீட்டு எஸ்தர் அக்கா மட்டும், "எங்க சர்ச்சுல சொல்வாங்க மே, அந்தக் காலத்து ராஜாங்க இதுமேலதான் ஏறிப் போவாங்களாம்" என்று சொல்லும். ராஜா ஏறுகிற துரை அப்போது குப்பையில் பிளாஸ்டிக் கவரைத் தின்றுகொண்டிருக்கும்.

நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி அண்ணாச்சி, தென்காசிப் பக்கத்துக்காரர். கல்லாவுக்கு மேல், 'என்னைப் பார் யோகம் வரும்' என்று எழுதிய கழுதைப் படம். நீங்களும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். வியாபாரம் படுத்திருந்த நேரம். படத்துக்கே யோகம் என்றால் உயிரோடு நின்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"ஏம்மா, ஒங்க வீட்டுல ஒண்ணு நிக்குல்லா? வெள்ளிக்கெழம காலம்பற கூட்டிட்டு வா. அது மொகத்துல முழிச்சிட்டுத்தான் ஷட்டரத் தூக்கணும்."

கூலி, வாரத்துக்கு வேண்டிய கொள்ளு. துரைக்கு வேலை கிடைத்துவிட்டது. சூளைப் பேச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வீட்டிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு காரில் வருவார். அவர் மச்சினர் கையைப் பிடித்து இறக்குவார். நான் துரையின் முகத்தை நேராகத் திருப்பிப் பிடிப்பேன். "நேரா நிக்கா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் திறப்பார். துரை அவர் முகத்தில் தும்மும். அண்ணாச்சி கும்பிடுவார்.

கடையில் கூட்டம் ஏறியது. அது கல்யாண மாதம். கல்யாண மாதத்தில் ஜவுளி விற்காமலா போகும்? நான் கொள்ளுப் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சினர், "அத்தான், இது கழுதையே இல்லயாம். குதிரைக்கும் கழுதைக்கும் பொறந்ததாம். கோவேறு கழுத" என்றார்.

"அப்ப யோகம் பாதிதானா வரும்?" அண்ணாச்சி நிஜமாகவே கேட்டார்.

"யோகத்த விடுங்க. இதுக்கு வம்சமே கெடயாதாம். நம்ம புள்ள கல்யாணமாயி இத்தன வருசமா ஒண்ணுமில்லாம இருக்கா. நீங்க வாராவாரம் மலட்டு மூஞ்சில முழிக்கியளே!"

அண்ணாச்சி துரையைப் பார்த்தார். பிறகு கயிற்றை. பிறகு கயிற்றைப் பிடித்திருந்த என்னை. எனக்குப் பிள்ளை இல்லை. கடையில் எல்லாருக்கும் தெரியும்.

"இனிமே வரவேண்டாம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நல்ல மனுஷர். துரையை மட்டும் சொன்னாரா, என்னையும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பெருக்கப் போகவில்லை. அவரும் ஆள் அனுப்பவில்லை.

அதே சமயம் ஆற்றோரத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஊருக்கு வெளியே அடுக்குவீடு, எங்களுக்கு மூன்றாவது மாடி. சூளைக்காரன் லாரியோடு வந்தான்.

லாரியில் ஏறச் சாய்த்து வைத்த பலகையில் துரை ஏறவில்லை. இழுத்தார்கள், அடித்தார்கள். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நீ முன்னாடி போ மே. உன் பின்னாடிதான் வரும்" என்றார்.

நான் ஏறினேன். அது ஏறியது. கொள்ளுச் சட்டியைக் கீழே வைத்தேன். அது குனிந்தது. நான் இறங்கினேன்.

அழுகை வரவில்லை. இதுவரைக்கும் வரவில்லை. வீட்டுக்காரர் செத்தபோதும் இப்படித்தான்.

ஆற்றோரத்தில் இப்போது கம்பிவேலி. வெளுக்கிறவர்கள் இல்லை, துவைக்கிற கல் இல்லை, கழுதை இல்லை. கெட்டுப்போனால் ஒதுங்க ஒரு குட்டிச்சுவர்கூட அந்தப் பக்கம் கிடையாது. எல்லாம் முழுச்சுவர்.

போன மாதம் அந்த அம்மாவோடு துணி எடுக்கத் தி.நகர் போனேன். அதே கடை, இப்போது நாலு மாடி. கழுதைப் படம் அங்கேயே இருக்கிறது. கல்லாவில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே அண்ணாச்சி ஜாடை. மகள் வயிற்றுப் பேரனாம். நல்லது.

நேற்று வாளியில் பிடித்த தண்ணியில் பாதியை ரசம் வைத்தேன். மீதி ஆறுகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆறியதும் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டேன்.