வெள்ளையம்மாவின் பெட்டியில் சிக்கிய கேசட்

ஒட்டுப்பால் குழுவின் முதல் கேசட்டைப் பற்றிக் கேட்டால், கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றைக்கும் யாராவது ஒருவர் தொடையில் தாளம் போட்டுக் காட்டுவார். இரண்டாவது கேசட்டைப் பற்றிக் கேட்டால் காறித் துப்புவார். அது நல்ல கேசட் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் கீழ்ப்பிரிவில் றப்பர் பால் வெட்டிய வெள்ளையம்மா. அவளும் அதில் பாதியைத்தான் கேட்டிருந்தாள்.

ஒட்டுப்பால் என்பது றப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் வடிந்து, காய்ந்து, கறுத்து ஒட்டிக்கொண்டிருப்பது. நாற்றம் பிடித்தது. ஆனாலும் தொரைமார் விடமாட்டார்கள், அதையும் சுரண்டச் சொல்லி நிறுத்துக்கொள்வார்கள். பையன்கள் தங்களுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டதில் தப்பு சொல்ல முடியாது. தலைவன் தினேஷ். கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனவன், வெள்ளைக்காரப் பையன் ஒருவன் விட்டுப்போன கேசட்டோடு திரும்பி வந்தான். கிழிந்த சட்டை போட்ட நாலு பேர் காட்டுக் கத்தல் கத்துவதுதான் அதில் சங்கீதம், அதற்குப் பெயர் பங்க் என்று விளக்கினான்.

"கித்தார்ல மூணு பிடி தெரிஞ்சா போதும்டா. கோவம் மட்டும் நெறைய வேணும்."

கோபத்துக்குத் தோட்டத்தில் பஞ்சமா? ட்ரம்ஸ் வாங்க வழியில்லாததால் குழுவில் இருந்த கஜேந்திரன் தப்பு மேளத்தை எடுத்தான். கேகாலையில் கடை வைத்திருந்த தாஸிமின் மகன் பயாஸ், கடையின் பின்னறையில் வைத்து இவர்களைப் பதிவு செய்தான். தொண்ணூற்று மூன்றில் வந்த முதல் கேசட்டில் அவர்களுக்கே தைரியம் போதவில்லை. பாதிக்கு மேல் காதல் பாட்டு. கல்யாண வீடு, திருவிழா, பஸ் என்று எல்லா இடத்திலும் ஓடியது.

வெள்ளையம்மாவுக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. "மீனு மாதிரி கண்ணாம். இந்த லயத்துல எவளுக்குடி மீன் கண்ணு இருக்கு? அடுப்புப் பொகை பட்டு எல்லாம் செவந்துதான் கெடக்கு" என்றாள், பால் நிறுக்கும் இடத்தில், நாலு பேர் கேட்க.

இரண்டு வருடம் கழித்து இரண்டாவது கேசட் வந்தது. பெயர் 'பெரட்டு'. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கொடுத்து வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டு. வெளியீட்டு விழாவுக்குக் கோயில் குழாய் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்கள். அங்கேதான் கஜேந்திரன் தன் மூளையைக் காட்டினான். முதல் அடியிலேயே எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று, கேசட்டின் தொடக்கத்தில் சாவு மேளத்தை அடித்து வைத்திருந்தான்.

தோட்டத்தில் தப்பு மூன்று காரியத்துக்குத்தான் பேசும்: பெரட்டுக்கு, சாமிக்கு, சாவுக்கு. எந்த அடி எதற்கென்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சாவு அடி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இறங்கி வர வேண்டும். அப்படியே இறங்கி வந்தார்கள். மலை முழுக்கச் சிரட்டைகளில் பால் நிரம்பி நின்றது, எடுக்க ஒரு ஆள் இல்லை. ஒலிபெருக்கி ஏதோ கத்துவதை யார் காதில் வாங்கினார்கள்? யார் செத்தது என்பதுதான் கேள்வி. அந்த வாரம் படுக்கையில் கிடந்தவன் ஒருவன்தான். வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்ட சின்னத்தம்பி. வெள்ளையம்மாவின் புருஷன்.

கூட்டம் அவன் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஓடியது. அவன் கட்டிலில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். முன்னால் வந்த பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டபடியால் சட்டென்று நிறுத்த முடியவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அவன் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. அவன் பங்காளி மூக்கையா வீட்டுப் பக்கமே வராமல், நேரே பாடைக்கு மூங்கில் வெட்டப் போய்விட்டான். உயிரோடு இருக்கும்போதே தன் ஒப்பாரியைக் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சின்னத்தம்பி கேட்டான். யார் அழுதார்கள், யார் அழுகிற மாதிரி செய்தார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தான். வெள்ளையம்மா மட்டும் வாசலில், வீட்டுக்கு முதுகைக் காட்டி, கோயில் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"ஊரே அழுவுது. இவ பாட்டு கேட்டுக்கிட்டு நிக்கிறா" என்று அவன் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றைய பால் சிரட்டையிலேயே கட்டிப்போனது. எல்லாருக்கும் அரைப் பெயர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. தொரை தானே வந்து கேசட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். பயாஸிடம் இருந்த மூலப் பதிவோடு மீதிக் கேசட்டுகளையும் தினேஷே வாரிக்கொண்டு போய், றப்பர் சீட் காயவைக்கும் புகைக்கூட்டு அடுப்பில் போட்டான். அந்த வார றப்பர் சீட்டில் பிளாஸ்டிக் நாற்றம் அடித்து, அதற்கும் அவன்தான் ஏச்சு வாங்கினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஒட்டுப்பால் குழு அத்தோடு கலைந்தது. கஜேந்திரன் கட்டாருக்குப் போனான். தினேஷ் கேகாலை பஸ்ஸில் கொண்டக்டர் ஆனான்.

சாக்கடையில் விழுந்த கேசட்டை எடுத்து முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டவள் வெள்ளையம்மா. வீட்டில் மகள் தனுஜா குவைத்திலிருந்து அனுப்பிய ரேடியோப் பெட்டி இருந்தது. விடிவதற்கு முன் அடுப்பை மூட்டும்போது கேசட்டைப் போட்டாள். சாவு மேளம் கேட்டு அலறி எழுந்த சின்னத்தம்பி, பால் வெட்டுகிற கத்தியாலேயே அதை நெம்பி எடுக்கப் பார்த்தான். பெட்டியின் மூடி உடைந்து உள்பக்கமாக மடங்கிக்கொண்டது. கேசட் உள்ளேயே சிக்கியது. பிறகு அது சுற்றும், பாடும், திரும்பச் சுற்றும், ஆனால் வெளியே வராது, பக்கம் மாறாது. கேகாலையில் பயாஸே கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

அப்படித்தான் 'பெரட்டு' கேசட்டின் முதல் பக்கம் பன்னிரண்டு வருடம் அந்த லயத்தில் ஓடியது. சின்னத்தம்பி தலையணையை இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டு கிடப்பான். மகள் அனுப்பிய பெட்டி என்பதால் உடைக்கவும் மனம் வராது.

"அது என் சாவு மேளம்டி. என்னைய தெனமும் சாகடிக்கிற."

"தெனமும் எந்திரிக்கிறீங்கதானே? பேசாம இருங்க."

அவளுக்கு அந்தப் பக்கத்தில் உயிர். கங்காணி காலையில் திட்டுகிற வார்த்தைகளை அப்படியே திருப்பிக் கங்காணிக்குக் கத்தும் பாட்டு ஒன்று. தண்ணீர் வராத குழாயிடம் ஞாயம் கேட்கும் பாட்டு ஒன்று. மூன்றாவது மழைப் பாட்டு: 'மழைக்கு மரம் ஓய்வெடுக்கும், வயிறு எங்கே ஓய்வெடுக்கும்?' மழை நாளில் பால் வெட்டு இல்லை, பெயர் இல்லை. வாழ்நாள் முழுக்க அவள் யாரிடமும் கத்தியதில்லை. தனக்காக வேறொருவன் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டுவிட்டு மலை ஏறினால், அன்றைக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும், மறைத்ததும் இல்லை.

ஆனால் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது? அதுதான் அவளை அரித்தது. இந்தப் பக்கமே இப்படியென்றால் அந்தப் பக்கம் எப்படி இருக்கும்? கேகாலைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் தினேஷைப் பிடித்துக்கொள்வாள்.

"தினேசு, அந்த மறுபக்கத்தை ஒரு தடவ பாடிக் காட்டேன்."

"எல்லாம் மறந்துபோச்சு சின்னம்மா. கேவலம் அது. இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று அவன் சிங்களத்தில் கூட்டத்தை முன்னுக்கு விரட்டுவான். தொண்டை மட்டும் மாறவேயில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். மழைப் பாட்டைப் பாடிய அதே தொண்டை.

இரண்டாயிரத்து ஏழில் சின்னத்தம்பி உண்மையாகவே செத்தான். வெள்ளையம்மா அழவில்லை. பாத்திரங்களைக் கழுவினாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்றைக்கும் அழவில்லை, இன்றைக்கும் அழவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

தோட்டத்தில் தப்படிக்க ஆள் மிஞ்சவில்லை. கலவானப் பக்கத்திலிருந்து மேளக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களைச் சோதனைச் சாவடியில் இறக்கி, மேளத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஆமிக்காரர்கள் கேட்டார்களாம். ஒன்றுமில்லை என்று சொன்னதை நம்பாமல் உட்காரவைத்திருந்தார்கள். யுத்த காலம். வெறும் மேளத்துக்கும் சாட்சி தேவைப்பட்டது. இங்கே மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"மேளமில்லாம தூக்குனா அனாதப் பொணம்னு ஆயிரும்" என்றான் மூக்கையா. இந்த முறையும் மூங்கில் வெட்டியவன் அவன்தான். "தொடங்கின சத்தம் குழி வரைக்கும் நிக்கவும் கூடாது."

வெள்ளையம்மா எழுந்து உள்ளே போய் ரேடியோப் பெட்டியைத் தூக்கி வந்தாள்.

"இது அவரு சாவு மேளம். பன்னெண்டு வருஷமா அவரே சொன்னாரு. நீங்கல்லாம் கேட்டிருக்கீங்க."

அவள் பொத்தானை அழுத்தினாள். கஜேந்திரன் கட்டாரிலிருந்தபடியே அடித்தான்; பாடை எழுந்தது. முதலில் எல்லாம் முறையாகத்தான் இருந்தது. பிறகு கித்தார் வந்தது, தாளம் ஓட ஆரம்பித்தது, தூக்கினவர்களின் கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. சின்னத்தம்பி உயிரோடு இருந்தபோது அவ்வளவு வேகமாக எங்கேயும் போனதில்லை. பெட்டியைச் சுமந்த வெள்ளையம்மாவும் ஓடினாள், பெண்கள் எல்லாம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

பெரட்டுக்களத்துக்கு வந்தபோது மழைப் பாட்டு முடிந்து பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது. சத்தம் நின்றது. கேசட்டைத் திருப்ப முடியாது, சுற்றவிடவும் நேரமில்லை. எல்லாரும் பாடையின் முன்மூலையைப் பார்த்தார்கள். அங்கே தோள் கொடுத்துக்கொண்டிருந்தவன் தினேஷ்.

தினேஷ் வெள்ளையம்மாவைப் பார்த்தான். பெண்கள் பெரட்டுக்களத்தோடு நின்றுவிட வேண்டும், அதற்கு அப்பால் ஆண்கள்தான் போவார்கள். நடந்துகொண்டே பாடினால் அவளுக்குக் கேட்காது.

"எல்லாரும் நில்லுங்க. எறக்காதீங்க" என்றான். பிறகு வாயைத் திறந்து மறுபக்கத்தைப் பாடினான். ஒரு சொல்கூட மறந்திருக்கவில்லை. பாடை தோளிலேயே நின்றது. தோள் மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். மழைத் துளி விழுந்தது. பாத்திரம் கழுவும் பாட்டு வந்தது. பஸ் பாட்டு வந்தது. கடைசியில், பயந்துபோய்ச் சேர்த்தார்களோ என்னவோ, மீன் போன்ற கண் என்று ஒரு காதல் பாட்டும் வந்தது. அதைப் பாடும்போது அவன் காது சிவந்தது.

மறுபக்கம் முடிந்தது. குழிக்கு இன்னும் தூரம். நிற்கக் கூடாத சத்தத்துக்கு இனி எங்கே போவது? மூக்கையாதான் ஆரம்பித்தான், கங்காணிப் பாட்டை. உடனே எல்லா ஆண்களும் பிடித்துக்கொண்டார்கள். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லையே. ஒரு வீட்டில் இருமினால் எல்லா வீட்டிலும் கேட்கும். பன்னிரண்டு வருடம் விடியற்காலையில் சபித்துக்கொண்டே கேட்டவர்களுக்கு முதல் பக்கம் முழுக்க மனப்பாடம். அது மனப்பாடம் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சின்னத்தம்பியை மலையிறக்கிக் கொண்டுபோனார்கள்.

வெள்ளையம்மா பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் தூரமாகப் போகப் போக அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்து வீட்டு ஷாமிளா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டீங்கதானே சின்னம்மா. மறுபக்கம் எப்பிடி?"

வெள்ளையம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

"அது ஒண்ணும் சரியில்ல புள்ள. அவரு தலகாணிய பொத்திக்கிட்டுக் கேட்டாருல்ல, அந்தப் பக்கந்தான் நல்ல பக்கம்."