எங்கள் தம்பியை ஒளிக்க மறுத்த அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலருக்கு நான் எழுதுவது பிடிக்காது. அம்மா செய்ததும் அவர்களுக்குப் பிடித்ததில்லை. ஆகவே தயங்காமல் எழுதுகிறேன்.

திருமழிசையில் பிறந்து, மணமாகி மண்ணூர்பேட்டைக்கு வந்தவர் அம்மா. தம்பி சேகர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா காலமானார். அப்பாவின் ரப்பர் வாஷர் பட்டறையை அம்மாவே ஏற்று நடத்தினார்.

நான்கு வயதாகியும் தம்பி பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். தாய் வேலைக்குப் போனதால்தான் இப்படி என்றார்கள் உறவினர்கள். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பல மருத்துவமனைகள் ஏறி இறங்கினார். கடைசியில் ஓர் இளம் பெண் மருத்துவர்தான் 'ஆட்டிசம்' என்ற சொல்லைச் சொன்னார்.

"இதுக்கு இன்னா மருந்து டாக்டர்?"

"மருந்து இல்லம்மா. பொறுமையா சொல்லித் தரணும். இந்த மாதிரி எத்தன பிள்ளைங்க இருக்காங்கன்னே நமக்குத் தெரியல. வீடு வீடா போய்ப் பார்த்து எழுதணும். எனக்கு வண்டியும் இல்ல, ஆளும் இல்ல."

"வண்டி எங்கிட்ட கீது. ஆளு, நான் வரேன்" என்றார் அம்மா.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பட்டறை வேன் அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் மருத்துவரை ஏற்றிக்கொண்டு சுற்றியது.

அப்படிச் சுற்றிய ஆண்டுகளில் ஒரு நாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தம்பிக்கு அப்போது பத்து வயது. "அவன உள் ரூம்ல வெச்சு சாத்திடும்மா, ஒரு மணி நேரந்தான்" என்றார் பெரிய மாமா. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் அதையே கெஞ்சினேன்.

"அவன் இன்னா திருடிக்கினு வந்த பொருளா, ஒளிச்சு வெக்கறதுக்கு?" என்று கேட்ட அம்மா, அவனைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அவன் கைகளை உதறிக் கத்தினான். வந்தவர்கள் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிறு அம்மா, "வண்டில ஏறு" என்றார். அவ்வளவுதான். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றார். "எங்க வீட்ல அப்படி யாரும் இல்லம்மா." உள்ளேயிருந்து யாரோ சுவரில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா வாதாடவில்லை. தம்பியை வேனிலிருந்து இறக்கி அவர் முன் நிறுத்தினார்.

"இவன் என் புள்ள. பேரு சேகர். பேச மாட்டான்."

அந்த மனிதர் வெகுநேரம் தம்பியையே பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சிறுமியைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அவள் கணுக்காலில் கயிற்றுத் தடம் இருந்தது. அதைப் பார்த்தபின் எனக்கு என் தம்பியை நினைத்து வெட்கம் வரவில்லை. என்னை நினைத்துத்தான் வந்தது.

மருத்துவரின் ஆய்வு அச்சாகி வந்தபோது, ஆங்கிலம் தெரியாத அம்மா அதை ஒரு வரி விடாமல் என்னைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். பட்டறையில் பாதியை ஒதுக்கி இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடம் அமைத்தார். கண் பரிசோதனை, சொட்டு மருந்து முகாம்களும் அங்கேயே நடந்தன. சிறுநீரகம் செயலிழந்து படுத்த பின்பும், "புள்ளைங்க வந்தாங்களா?" என்றுதான் கேட்டார்.

அம்மாவை எடுக்கும் நேரத்தில், "சேகர் சும்மா நிக்கமாட்டான், மருமகப்பிள்ளை கொள்ளி வெக்கட்டும்" என்று என் கணவரைக் காட்டினார்கள். நான் மறுத்தேன். பெண்கள் வரக்கூடாது என்றதையும் மீறி, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சுடுகாடு வரை போனேன். அவனே கொள்ளி வைத்தான்.

அம்மாவுக்குத் தோள்கொடுத்த மருத்துவருக்கும், வேன் ஓட்டிய காசிம் பாய்க்கும், பட்டறைத் தொழிலாளர்களுக்கும், மகளோடு வந்து மாலையிட்ட அந்த ஆவடித் தந்தைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்றைய பந்தியில் முதல் இலை தம்பிக்குத்தான். அவன் சத்தம் போடுவான், சோற்றை இறைப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களே அம்மாவுக்கு வேண்டியவர்கள்.