பிடுங்கச் சொன்னவன்

மரவள்ளிக் கிழங்கு முற்றிய பிறகும் இரண்டு மூன்று மாதம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும், ஒன்றும் ஆகாது. பிடுங்கிவிட்டால் இரண்டு நாள்தான் கணக்கு. மூன்றாம் நாள் உள்ளே கறுப்புக் கோடு ஓடிவிடும், எந்த மில்லும் தொடாது. இது தெரியாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஜவ்வரிசி மில்லில் லாரி ஓட்டியவன். கல்வராயன் மலையில் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து சின்னசேலம் பக்கத்து மில்லில் இறக்குவது என் வேலை. அப்போதெல்லாம் எங்கள் பக்கம் மில் என்றாலே ஜவ்வரிசி மில்தான். எனக்குப் பெண் கொடுத்தவர்கள், "மாப்ள எந்த மில்லு?" என்றுதான் கேட்டார்கள், சாதகம்கூட அதற்கப்புறம்தான். மில் கழிவுநீரின் புளித்த நாற்றம் மூக்கில் ஏறினால், பஸ்ஸில் தூங்குகிறவர்கள் ஊர் வந்துவிட்டது என்று தாமாக எழுந்து இறங்கிவிடுவார்கள். என் மனைவி கல்யாணமான புதிதில் என் சட்டையை மட்டும் தனியாகத் துவைப்பாள். பிறகு அவளும் களத்தில் ஜவ்வரிசி காயப்போடும் வேலைக்கு வந்தாள். அதற்குப் பிறகு எல்லாத் துணியையும் ஒரே வாளியில் ஊறப்போட்டாள்.

மலையில் அப்போது செல்போன் வேலை செய்யாது. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களுக்கு மில்லின் சேதி நான்தான். முதலாளி இத்தனை லோடு வேண்டும் என்பார். நான் முந்தின நாளே மேலே போய், "பிடுங்கலாம்" என்பேன். அதற்கு முன்னால் ஒருவரும் ஒரு செடியைக்கூட அசைக்க மாட்டார்கள். எனக்குத் தலைக்கனம் இல்லாமல் இருக்குமா? கலெக்டர் உத்தரவு போடுகிற தோரணையில்தான் சொல்வேன்.

லாரி திருப்புகிற இடத்தில் ஒரு பெண்ணின் கிழங்குக் காடு இருந்தது. ஒரு ஏக்கர்தான். கணவன் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தான். என் உத்தரவு தோரணைக்கெல்லாம் மசியாதவள் அவள் ஒருத்திதான்.

"இன்னாண்ணா, பிடுங்கட்டுமா, இல்ல மண்ணுலயே வுட்டு வெக்கட்டுமா? நெஜமா சொல்லு. நீ பாட்டுக்குச் சொல்லிட்டுப் பூடுவ" என்பாள். பிடுங்கிய பிறகும் விடமாட்டாள். எடை போடும்போது கூடவே நிற்க வேண்டும் என்று லாரியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

பிறகு மில்கள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. ஜவ்வரிசி பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்று வியாபாரிகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். மக்காச்சோள மாவைக் கலந்து விலையைக் குறைத்தவர்கள் முன்னால் ஓடினார்கள். கிணற்றுத் தண்ணீர் புளிக்கிறது என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அந்தத் தண்ணீரை நானே குடிக்க மாட்டேன். கிழங்கு தோல் சீவ ஆள் கிடைக்கவில்லை. எங்கள் மில் மட்டும் இழுத்துப் பறித்து ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் மில் பத்து நாளாக ஓடவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கிழங்கு அரைக்கும் மெஷினின் பெல்ட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டால், "பாக்கலாம்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இருபது வருடம் அவரிடம் இருந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனாலும் என் மனம் கேட்கவில்லை. கிழங்கு லோடு வாசலில் வந்து நின்றால் மனிதர் எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்? ஒரு லோடு அரைத்தால் அடுத்த லோடும் வரும், மில் பிழைத்துக்கொள்ளும், நானும் பிழைத்துக்கொள்வேன். இப்படி ஒரு கணக்குப் போட்டேன். யாரும் அனுப்பாமல் நானாக லாரியை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

"பிடுங்கட்டுமாண்ணா, இல்ல மண்ணுலயே வுட்டு வெக்கட்டுமா?" என்றாள் அந்த ஒரு ஏக்கர்க்காரி.

"பிடுங்கலாம்மா" என்றேன்.

மறுநாள் மாலைக்குள் அவள் காடு முழுவதும் வெறும் மண்ணானது. விடிந்ததும் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கினோம். மில் கேட்டில் பூட்டு. முதலாளி, சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்றான் வாட்ச்மேன். அடுத்த மில்லும் மூடிக் கிடந்தது. ஆத்தூர் பக்கம் ஒரு மில்லில் எங்களுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் முறை வருவதற்குள் மூன்றாம் நாளாகிவிட்டது.

அவள் லாரியிலிருந்து ஒரு கிழங்கை உருவி, இரண்டாக ஒடித்துப் பார்த்தாள். கறுப்புக் கோடு.

"மில்லு நின்னது உனக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியாதும்மா" என்றேன்.

"பாவம், உன்னையும் இல்ல ஏமாத்திட்டாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். லோடை ஓடைக்கரையில் கொட்டினோம். அந்தக் கிழங்கை விற்றுத்தான் மழைக்கு முன்னால் வீட்டுக் கூரையை மாற்ற நினைத்திருந்தாள். லாரியில் இருந்த மில்லின் தார்ப்பாயை அவளிடம் கொடுத்தேன். கூரை மேல் போட்டுக்கொள்ளச் சொன்னேன். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மில் திறக்கவே இல்லை. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். ஜவ்வரிசி காயப்போட்ட களத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. என் மனைவி அங்கே கல்யாணத்துக்குப் போனால் அந்தப் பக்கம் பார்க்காமல் நேரே பந்திக்குப் போய்விடுவாள். நான் வாடகை ஜீப் ஓட்டப் போனேன். மலைக்குச் சவாரி வந்தால், அவள் காடு இருக்கும் அந்தத் திருப்பத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் ஒரு சவாரி அந்தத் திருப்பம் வரைக்கும் போக வேண்டியதாயிற்று. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நரைத்திருந்தாள். பின்னால் புதிதாகத் தளம் போட்ட வீடு. உள்ளே போய், மடித்துக் கயிறு கட்டிய தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எத்தினி மழைக்கு ஒதவுச்சு தெரியுமாண்ணா. மில்லு பொருளு, நம்ம வெச்சிக்கக் கூடாது. மில்லு தொறந்தா குடுத்துடு."

மில்லை இடித்தது அவளுக்கு இன்னும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"மில்லு இனிமே தொறக்காதும்மா. நான் அன்னிக்குப் பிடுங்கச் சொல்லும்போதே மில்லு நின்னது எனக்குத் தெரியும்."

அவள் தார்ப்பாயை இன்னும் கீழே வைக்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அதான் அன்னிக்குக் கேட்டனே" என்றாள். "சொல்லியிருந்தா மண்ணுலயே வுட்டு வெச்சிருப்பனே."